மரத்திடம் பட்ட கடன்

உயிருள்ள ஒரு விருட்சத்தை வெட்டிச் சாய்த்து, அதன் உடலைச் சட்டமாகவும் பலகையாகவும் பிளந்து, நெல்லும் விறகும் கலப்பையும் மழையில் நனையாதிருக்கும்பொருட்டு புரை என்னும் கொட்டகை ஒன்றைக் கட்டிக்கொள்வது தர்மத்துக்கு ஒத்த செயல்தானா என்ற கேள்வி, முதல் பார்வைக்கு அளவு மீறிய நுட்ப விசாரமாகத் தோன்றக்கூடும். மனிதன் குடியிருக்கும் வீட்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால், வெயிலையும் மழையையும் தாங்கமாட்டாத உடல் படைத்தவனுக்கு வேறு கதி ஏது என்று பதில் சொல்லிவிடலாம். அவசியம் என்ற வாதம் அங்கே பலமாக நிற்கிறது. புரையோ மனிதனுடைய பொருள்களுக்காக எழுவது. பொருளைக் காக்க உயிரை எடுக்கலாமா என்று கேட்கும்போது அந்த வாதத்தின் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் அரண்மனையையும் கோயிலையும் ஒதுக்கிவைத்து, பழைய தென் திருவிதாங்கூரின் ஒரு சாதாரண மரப்புரையிலிருந்து இந்த விசாரத்தைத் தொடங்குவது உசிதம் என்று எனக்குப் படுகிறது.

1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தென் திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. ஆனால் கோட்டுக்கு இப்புறத்து விளையில் நிற்கும் பலாவும் அப்புறத்து விளையில் நிற்கும் பலாவும் ஒரே மழையில் வளர்ந்தவை. அவற்றை அறுத்துக் கட்டிய புரைகளும் ஒரே கைமுறையில் எழுந்தவை. வண்டிப்புரை, விறகுப்புரை, நெல் குத்துகிற உரப்புரை, நெல்லைச் சேமிக்கிற அறைப்புரை என்று பழைய குடும்ப மனைகளாகிய தறவாடுகளைச் சுற்றி எத்தனையோ புரைகள் இருந்தன. அவற்றுள் அறைப்புரையே சிற்ப முறையில் தலைமையானது. வெட்டுகல்லால் உயர்த்திய தறையின்மேல் கனமான அடிச்சட்டங்களைக் கிடத்தி, மூலைகளில் தூண் நிறுத்தி, தூண்களின் தலையில் உத்தரத்தை ஏற்றி, உத்தரத்திலிருந்து முகட்டிலுள்ள மோந்தாயம் வரை கழுக்கோல்களைச் சரித்து, கழுக்கோல்கள் தம்முள் விலகாதிருக்க அவற்றின் உடலைத் துளைத்து வளையைக் கோத்து, தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வெளியைச் சுவரால் அடைப்பதற்குப் பதிலாக நிரைப்பலகைகளால் அடைத்துவிடுவார்கள். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி நெல்லைக் கெடுத்துவிடும். பலகையோ உள்ளிருக்கும் தானியத்தை உலர்வாக வைத்திருக்கும். வருஷத்தில் இரண்டு முறை, இடவப்பாதியிலும் துலாமாதத்திலும், பெருமழையைக் காண்கிற அந்தப் பிரதேசத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறொன்று இருந்திருக்க முடியாது.

மழையிலிருந்து நெல்லைக் காக்கும் வகை தெரிந்துவிட்டது என்பதனால் மரத்தை வெட்டும் உரிமையும் வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. இதற்கு இந்த நாட்டில் கொடுக்கப்பட்ட விடைகளுள் மிகக் கண்டிப்பானது, பாறசாலையிலிருந்து அதிக தூரமில்லாத சிதறால் மலையில் வாழ்ந்த ஜைன முனிவர்களுடையது. பழைய சாசனங்களில் திருச்சாரணத்துமலை என்று பெயர்பெற்ற அந்தக் குன்றில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டில், தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் பாறையில் செதுக்கி வழிபட்ட துறவிகள், தலைக்குமேல் கவிந்த கற்பாறையையே கூரையாகக் கொண்டு வாழ்ந்தார்கள். மரம் ஓரிந்திரிய ஜீவன், தொடுவுணர்ச்சி ஒன்று அதற்கு உண்டு என்பது அவர்கள் சித்தாந்தம். தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுத்தார். தொடுவுணர்ச்சி உள்ள பொருளுக்குக் கோடரி படும்போது என்ன நேர்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. இல்லறத்தாருக்குக்கூட விலக்கென்று ஜைன நூல்கள் கூறும் பதினைந்து தொழில்களில் காட்டை வெட்டுவதும், கரி சுடுவதும், வண்டி செய்வதும் அடங்கியிருக்கின்றன. இந்த நிலையில் நான் பெருந்தன்மையைக் காண்கிறேன். ஆனால் ஊர் முழுவதற்கும் தலைக்குமேல் கவிந்து நிற்க இயற்கைப் பாறை கிடையாது என்பதையும் மறக்க முடியவில்லை. மலையில் இருந்த முனிவருக்கு அன்னமிட்டவன் அடிவாரத்தில் எங்கேயோ ஒரு மரப்புரையில்தான் நெல்லை வைத்திருந்திருக்க வேண்டும்.

பௌத்தர்கள் இந்தச் சங்கடத்தை நன்றாக உணர்ந்திருந்தார்கள். விநய பிடகத்தில் தனியா என்ற பிக்ஷுவின் கதை வருகிறது. குயவர் குலத்தில் பிறந்த அவர் ராஜகிருகத்து மலைச்சாரலில் புல்லால் ஒரு குடில் வேய்ந்துகொண்டார். அவர் பிக்ஷைக்குப் போயிருந்த சமயத்தில் புல்லும் விறகும் பொறுக்க வந்த பெண்கள் அதைப் பிரித்து எடுத்துப்போனார்கள். மூன்று முறை இப்படி நேர்ந்தபின், தம் குலத்தொழிலின் திறமையைக் கொண்டு மண்ணால் குடில் அமைத்து அதைச் சூளைபோல் சுட்டெடுத்தார்; மண்ணில் வாழும் சிற்றுயிர்களிடம் இரக்கமின்றிச் செய்த காரியம் என்று புத்தர் அதை உடைக்கச் சொன்னார். பிறகுதான் தனியா மரக்குடிலை நினைத்தார். நகரத்தைப் பழுதுபார்ப்பதற்கென்று பிம்பிசார மன்னன் சேமித்து வைத்திருந்த மரங்களை, அரசர் கொடுத்துவிட்டார் என்று காவலனிடம் சொல்லி எடுத்துக் கட்டிக்கொண்டார். பட்டாபிஷேகத்தன்று புல்லும் மரமும் நீரும் துறவிகளுக்கு உரியவை என்று நீர் சொல்லவில்லையா என்று அவர் வாதாடியபோது, யாருக்கும் சொந்தமில்லாத கானகத்துப் பொருளைக் குறித்தே அவ்வாறு சொன்னேன் என்று அரசன் விடை கூறி, சீவர ஆடையின்பொருட்டு அவரை மன்னித்து அனுப்பினான். களவைப் பற்றிய விதி இதிலிருந்து பிறந்தது என்பார்கள். எனக்கோ, விதியைக் காட்டிலும் அந்த மூன்று குடில்களின் வரிசையே நினைவில் நிற்கிறது: புல்லால் கட்டினால் ஏழைப் பெண்களுக்கு அது வேண்டியிருக்கிறது, மண்ணால் கட்டினால் புழுபூச்சிகள் மடிகின்றன, மரத்தால் கட்டினால் அது வேறொருவன் உடைமையாக இருக்கிறது. யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல் நிழல் தேடிக்கொள்ளும் மார்க்கம் மனிதனுக்குத் திறந்திருக்கவில்லை.

அதே பிடகத்தில் ஆளவி என்ற ஊரில் நடந்ததாக இன்னொரு கதை. கட்டட வேலைக்காக ஒரு பிக்ஷு மரத்தை வெட்டத் தொடங்கியபோது, அதில் குடியிருந்த தேவதை, உன் வீட்டைக் கட்டுவதற்காக என் வீட்டை வெட்டாதே என்று கேட்டுக்கொண்டது, அவர் செவிசாய்க்கவில்லை, கோடரி தேவதையின் குழந்தையுடைய கையில் பட்டது. அவரைக் கொன்றுவிடலாமா என்று எண்ணிய தேவதை கோபத்தை அடக்கிக்கொண்டு புத்தரிடம் முறையிட, அவர் அதற்கு வேறொரு காலி மரத்தைக் காட்டினார். செடிகொடிகளுக்கு ஊறு செய்வது பிக்ஷுவுக்குக் குற்றம் என்ற விதியையும் வகுத்தார். தேவதையை நம்பாதவரும் இந்தக் கதையின் நியாயத்தை உணரக்கூடும். வெட்டப்படும் மரம் ஏற்கனவே ஒரு வீடு: பறவைக்கும் அணிலுக்கும் எறும்புக்கும் தேனீக்கும் வீடு. புரை கட்டுகிறவன் வெறுமையிலிருந்து எதையும் சிருஷ்டி செய்வதில்லை, குடியிருப்பவர்களை மாற்றுகிறான்.

இதற்கு உபநிஷத்தின் வழியாக ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. சாந்தோக்கியத்தில் உத்தாலக ஆருணி தம் புதல்வன் சுவேதகேதுவுக்கு ஒரு பெருமரத்தைக் காட்டி, அதை வேரிலும் நடுவிலும் நுனியிலும் எங்கே வெட்டினாலும் உயிரோடிருந்து சாறு வடிக்கும் என்றும், ஒரு கிளையை ஜீவன் விட்டுவிட்டால் அக்கிளை உலரும், முழுவதையும் விட்டுவிட்டால் முழுவதும் உலரும் என்றும், இறப்பது ஜீவன் நீங்கிய உடலே தவிர ஜீவன் அன்று என்றும் உபதேசிக்கிறார். எனவே ஜீவன் அழியாதிருக்க மரத்தை வெட்டுவதில் என்ன தோஷம் என்று கேட்பவர் உண்டு. இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. மனிதனைக் கொன்றவனும் இதே வாதத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கலாம் அல்லவா? ஆருணி சொல்ல வந்தது மரத்துக்கும் சுவேதகேதுவுக்கும் பொதுவாயுள்ள சத்தைப் பற்றி. அந்த உறவை அறிந்தவன் கோடரியை எடுக்கக் கூசுவானேயன்றித் துணிச்சல் கொள்ளமாட்டான்.

ஆனாலும் மரத்தில் ஜீவன் இருக்கும் இடத்தைப் பற்றி, தச்சரின் அநுபவமும் தாவர சாஸ்திரமும் சேர்ந்து சொல்லும் ஒரு செய்தி உத்தாலகரின் விசாரத்தை மேலும் ஆழப்படுத்துகிறது. நிற்கும் மரத்தின் உயிரெல்லாம் அதன் இலையிலும் நுனியிலும் வேரிலும், பட்டைக்கு அடுத்த மெல்லிய அடுக்கிலும் அதை ஒட்டிய, வெள்ளை எனப்படும் புறப்பகுதியிலுமே உள்ளது. உள்ளே ஆசாரி தேடுகிற வைரம், மரம் பசுமையாக நின்ற காலத்திலேயே உயிர் நீங்கிப்போன பகுதி. சாறு அதில் ஓடுவதில்லை. பலாவின் மஞ்சள் வைரமும் அயனியின் பழுப்பு வைரமும் அந்த மரங்கள் தம் முந்தைய வருஷங்களில் வாழ்ந்து முடித்த தம் உடலையே உள்ளே தாங்கி நிற்பதன் விளைவு. கறையான் வெள்ளையை விரைவில் தின்றுவிடும். வைரத்தை எளிதில் தொடாது. ஆகவே புரைக்குள் வந்து சேர்வது, மரத்தில் இறந்தபின்னும் மரத்தை நிமிர்த்தி வைத்திருந்த பகுதி. தாங்குவது என்ற அதன் காரியம் புரையிலும் தொடர்கிறது. இதனால் வெட்டியவன் குற்றமற்றவனாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை, வைரத்தை எடுக்கவேண்டுமானால் உயிருள்ள வெள்ளையை வெட்டித்தான் ஆகவேண்டும். அவன் கைக்கு வந்த பொருள் எத்தகைய பொறுப்புடையது என்பதைத்தான் சொல்லுகிறேன்.

வைதிக சில்ப சம்பிரதாயம் வெட்டாதே என்று தடுக்கவுமில்லை, கேளாமல் வெட்டு என்று விட்டுவிடவுமில்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிஹிரர் பிருஹத் ஸம்ஹிதையில் வகுத்திருக்கும் முறை இது: வெட்டுவதற்கு முந்திய இரவில் மரத்துக்குப் பூஜையும் பலியும் இட்டு, இதில் வசிக்கும் பூதங்கள் இந்தப் பலியை ஏற்றுக்கொண்டு வேறிடத்தில் வாசம் கொள்ளவேண்டும், எங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று பிரார்த்தித்து, மறுநாள் காலையில்தான் கோடரி போடவேண்டும். சிற்ப நூலாகிய மயமதமும் ஏறக்குறைய இப்படியே சொல்லுகிறது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆசாரிமார் இந்நூல்களைப் படித்தவர்களோ இல்லையோ, வெற்றிலையும் பாக்கும் பூவும் வைத்து மரத்தைத் தொட்டு வணங்கிய பின்பே வெட்டுவதும், தேய்பிறையில் வெட்டுவதும் அவர்கள் கைவழக்கமாக இருந்து வந்திருக்கின்றன.

இந்தப் பிரார்த்தனையை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும், இதைச் சொல்லிவிட்டால் பாவம் கழிந்தது என்று நிம்மதி கொள்கிறவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரு சாராருமே பிரார்த்தனைக்கு முன்னால் வரும் விலக்குகளைப் படிக்கவில்லை. வராகமிஹிரர் வெட்டக்கூடாத மரங்களை விரிவாகச் சொல்லியிருக்கிறார்: சுடுகாட்டில் நிற்பவை, வழியோரத்தில் நிற்பவை, கோயிலிலும் ஆசிரமத்திலும் உத்தியானத்திலும் நிற்பவை, புற்றின்மேல் வளர்ந்தவை, நதிகள் கூடுமிடத்தில் நிற்பவை, தேனடை கட்டியவை, பறவைக்கூடுகள் மலிந்தவை, பொந்து விழுந்தவை, காற்றாலும் இடியாலும் தீயாலும் ஊறுபட்டவை. இவற்றுள் சில அமங்கலம் கருதி விலக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றில், அந்த மரம் ஏற்கனவே வேறு யாருக்கோ நிழலாகவோ வீடாகவோ வழிபாடாகவோ இருக்கிறது என்பதே பொதுத்தன்மையாகத் தெரிகிறது. இத்தனையையும் கழித்த பிறகு எஞ்சும் மரத்திடம்தான் பிரார்த்தனை வருகிறது.

பொந்து விழுந்த மரத்தை வெட்டாதே என்ற விலக்குக்கு நெய்யாற்றின்கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாரால் உயிருக்கு ஆபத்து நேர்ந்த காலத்தில் திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் ஒரு பலாவின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது அந்த ஊரின் நெடுநாள் ஐதிகம். 1729-இல் பட்டத்துக்கு வந்த பின்னர் அவர் அந்த இடத்திலேயே கிருஷ்ணசுவாமிக்குக் கோயில் கட்டினார் என்பார்கள். அம்மச்சிப் பிலாவு என்று பெயர்பெற்ற அம்மரத்தைக் கோயில் வளாகத்தில் போற்றி வந்திருக்கிறார்கள். உளி படாமலே, காலமும் நீரும் குடைந்த வெறுமையினாலே ஒரு மரம் வீடாயிற்று. ஆசாரியின் கண்ணுக்குப் பொந்துள்ள பலா பயனற்ற தடி. ஓடுகிறவனுக்கு அதுவே கோட்டை. ஒரு மரம் யாருக்கு எப்போது வீடாகும் என்பதை வெட்டுகிறவன் முன்கூட்டி அறிய முடியாது என்ற விநயம் அந்தப் பழைய விலக்கில் இருக்கிறது.

இனி பிரார்த்தனையின் உட்பொருளுக்கு வருகிறேன். குடியிருப்பவர்களை எழுந்துபோகச் சொல்லிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறவன், அதைத் தான் பெற்றது இரவல் என்று ஒப்புக்கொள்கிறான். பாபமென்றால் பிராயச்சித்தம் செய்து கழித்துவிடலாம். ருணமோ செலுத்தித்தான் தீரவேண்டும். மரத்துக்குச் செலுத்தவேண்டிய ருணம் மரவேலையின் நேர்த்தியிலேயே செலுத்தப்படுகிறது என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது. அறுபது வருஷம் வளர்ந்த அயனியை வெட்டிப் பத்து வருஷத்தில் மக்கிப்போகும் புரையைக் கட்டினவன், எத்தனை பூஜை போட்டிருந்தாலும் கடனாளியாகவே நிற்கிறான்.

நிரைப்பலகையின் கைமுறையைச் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். அறுத்த மரம் இறந்துவிட்டது என்று நாம் சொல்லுகிறோம். ஆயினும் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுப் பருக்கும், மகர மாதத்து வறட்சியில் சுருங்கும். நெடுக்குவாட்டில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாட்டில்தான் அசைவெல்லாம், அதிலும் வளையங்களின் போக்கை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து புறம் நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இருமடங்கு. அந்தப் பலகையை நான்கு பக்கமும் இறுக ஆணி அடித்து வைத்தால், அசைய இடமின்றி ஒரு கோடையில் நெடுக வெடித்துவிடும். ஆகவே பழைய ஆசாரிமார் தூணிலும் சட்டத்திலும் காடி எடுத்து, பலகையை அதில் தளர்வாகச் செருகி, ஒன்றன் விளிம்பை அடுத்ததன் விளிம்போடு நாவும் காடியுமாகச் சேர்த்து, முழுச்சுவரும் பருவத்துக்குத் தக்கபடி விரியவும் ஒடுங்கவும் இடம் விட்டார்கள். தூணையும் உத்தரத்தையும் குடுமியும் துளையுமாகப் பொருத்தி மரமுளையால் இறுக்கினார்கள். தூணின் அடி மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் நின்றது; கூரையின் இறவாரம் பலகைமேல் சாரல் படாதபடி தாழ இறங்கியது. இத்தனையும் ஏன்? இறந்ததாகக் கருதப்படும் பொருளின் சுபாவத்தை மதித்து, அதை அதன்போக்கில் வாழவிடுவதற்காக. ஜீவகாருண்யம் என்ற சொல்லை அந்த ஆசாரி உச்சரித்திருக்கமாட்டான். காடியில் அவன் விட்ட அரைக்கால் விரல் இடைவெளியில் அது இருக்கிறது.

இந்தக் கைமுறையின் ஆயுளைக் காணவேண்டுமானால் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவேண்டும். 1601-ஐ ஒட்டித் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்ட அந்த மாளிகையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில், ஒற்றைப் பலாவில் கடைந்தெடுத்த தூண் ஒன்று இன்றும் பாரம் தாங்கி நிற்கிறது. அரண்மனை இருக்கும் மண் தமிழ்நாட்டைச் சேர்ந்தது, அதைப் பராமரிப்பது கேரளத்தின் தொல்பொருள் துறை. தேக்கு, ஈட்டி, சந்தனம் முதலியன திருவிதாங்கூரில் ராஜவிருட்சங்களாக இருந்தன. குடிமகனின் விளையில் முளைத்தாலும் அவை சர்க்காருக்கே உரியவையாக இருந்தன. ஆயினும் அரசனின் மாளிகையில் அழகுக்கு அழகாக நிற்பது எந்தக் குடியானவனின் விளையிலும் வளரக்கூடிய பலா என்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

ருணத்தின் மற்றொரு பகுதி அளவில் இருக்கிறது. தானே யாசித்துத் தனக்கென்று குடில் கட்டும் பிக்ஷு, நீளம் பன்னிரண்டு ஸுகத சாணும் உள்ளகலம் ஏழு சாணும் தாண்டக்கூடாது என்றும், சிற்றுயிர்களுக்கு ஊறில்லாத இடத்தைச் சங்கம் பார்த்துக் காட்டியபின்பே கட்டவேண்டும் என்றும் விநயம் விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸது இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகையை வழிகாட்டியாகக் கொண்ட தச்சர்கள் வேறு வகையில் அளவைக் கட்டினார்கள். இருபத்துநான்கு அங்குலம் கொண்ட கோலால், இக்கால அளவில் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர், சுற்றளவை அளந்து, மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மிஞ்சுவது யோனி. அது ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். ஐந்தரைக் கோல் நீளமும் நாலு கோல் அகலமுமான புரைக்குச் சுற்று பத்தொன்பது கோல். மூன்றால் பெருக்க ஐம்பத்தேழு. எட்டால் வகுக்க மிச்சம் ஒன்று, உத்தமமான த்வஜயோனி. ஆசையினால் நீளத்தை அரைக் கோல் கூட்டினால் சுற்று இருபதாகி, மிச்சம் நாலாகி, விலக்கத்தக்க குக்குரயோனியில் போய் விழும். இன்னும் சில கணக்குகளால் அந்த மனைக்கு ஒரு நட்சத்திரமும், பாலியம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கியம், மரணம் என்ற ஐந்தனுள் ஒரு வயதும் வருவிக்கிறார்கள். கணக்கின் பலன் உண்மையா என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. மனம்போல் நீட்டிக்கொள்ளவும் பெருக்கிக்கொள்ளவும் முடியாதபடி கட்டுகிறவனின் கையை ஒரு கணக்கு பிடித்து நிறுத்துகிறது. மரத்தால் செய்த ஒரு பொருளுக்குப் பிறப்பும் பிராயமும் சாவும் உண்டு என்று அவனை எண்ணவைக்கிறது. அது போதும்.

இவ்வளவு நுண்ணிய கருணையைப் புகழ்ந்துவிட்டு, அந்தப் புரைகளுக்குள் நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர்களைப் பற்றி மௌனம் சாதித்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மரத்தில் வசிக்கும் பூதங்களிடம் பொறுத்தருளும்படி கேட்ட அதே பிரதேசத்தில், வயலில் உழைத்தவர்கள் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டார்கள். 1855-இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மார்பை மூடும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் பட்ட பாடு 1859-இல் அரசு ஆணை வரும்வரை ஓயவில்லை. தாம் நட்டு, தாம் அறுத்து, தாம் மிதித்த நெல் நிரைப்பலகைக்குள் போவதைத் தூரத்தில் நின்று பார்க்க மட்டுமே வயலில் உழைத்தவர்கள் அநுமதிக்கப்பட்டார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த ஐயன்காளி 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றதும், எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைப்பாளிகளை நிறுத்திவைத்ததும், அறைப்புரையின் கதவைத் தட்டிய செயல்களேயாகும். அவர் வில்வண்டி ஏறியதற்குச் சில வருஷங்கள் முன்பு, 1888-இல், நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவமாகப் பிரதிஷ்டை செய்தபோது அங்கே மாளிகையும் மண்டபமும் இல்லை. சாதி பேதமின்றி எல்லோரும் சகோதரராய் வாழும் இடம் என்ற கொள்கை மட்டும் இருந்தது. மரத்திடம் கடன்பட்டவன் என்று தன்னை உணர்ந்தவன் மனிதனிடம் பட்ட கடனை எப்படி உணராமலிருந்தான் என்பதற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை. முன்னதை அறிந்தவனுக்குப் பின்னது இன்னும் பெரிய குற்றம்.

இனி எஞ்சுவது, கடன் எவ்வளவு காலம் தொடரும் என்ற கேள்வி. ஆணியில்லாமல் பொருத்திய புரையைப் பிரித்து, வேறோரிடத்தில் கோத்து நிறுத்த முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில் புதுப்பள்ளியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த மரவீடுகள் நிற்கின்றன. பழுதான பலகை மாறி, மண் மாறி, கடற்காற்று மாறி நிற்கும் அத்தகைய வீடு பழைய வீடுதானா? நியாய சாஸ்திரிகளான நையாயிகர், அவயவங்களுக்கு அப்பாற்பட்ட அவயவி என்ற ஒன்று உண்டு என்றும், ஆனால் ஓர் அவயவம் நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து புதியது பிறக்கிறது என்றும் சொல்லுவார்கள். துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் அது வேறு துணி. மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிய பௌத்த பிக்ஷு நாகசேனரோ, சக்கரமும் அச்சும் நுகமும் தவிரத் தேரென்று வேறொரு பொருள் இல்லை, அது வழக்கத்தில் ஒரு பெயர் என்பார். எந்தப் பக்கம் நின்றாலும் ஆசாரிக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே என்று நினைக்கிறேன். வீடு என்ற முழுமை போனாலும் பெயர்த்தெடுத்த பலகை கணக்கிலிருந்து போய்விடுவதில்லை. அடி மக்கிய தூணைக் குட்டையாக்கிக் கழுக்கோலாக்கினார்கள். கழுக்கோல் தேய்ந்தபின் பட்டிகையாக்கினார்கள். பட்டிகையும் ஆகாதபோது அடுப்பில் வைத்தார்கள். கடன் மரத்தோடு கூடவே சென்றது, கட்டடத்தோடு நின்றுவிடவில்லை.

இன்று பாறசாலையைச் சுற்றியுள்ள விளைகளில் அயனியும் பலாவும் அருகிவிட்டன. ரப்பர் வரிசை வரிசையாக நிற்கிறது. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டமாகத் தொடங்கிய இந்த அந்நிய மரம், தெற்கே குன்றுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து, பட்டை வெட்ட இடமில்லாமல் வற்றியபின் அதைச் சாய்த்து அறுக்கிறார்கள். வைரம் பாயாத, மாச்சத்து நிறைந்த வெளிறிய பலகை. அப்படியே விட்டால் பூஞ்சையும் வண்டும் சில மாதங்களில் தின்றுவிடும். ஆகவே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிக் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். இப்போது புரை கட்டுகிறவர்கள் பலரும் இந்தப் பலகையைத்தான் தேடுகிறார்கள். பணத்துக்காக வரிசையில் நட்டு, கூடு கட்ட விடாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிய மரத்துக்குப் பூவும் வெற்றிலையும் வைத்துக் கேட்கவேண்டுமா என்று கேட்டால், அவசியம் கேட்கவேண்டும் என்பேன். ராஜவிருட்சத்தைவிட அதிகமாக நாம் எடுத்துக்கொண்டது இதனிடம்தான். நடுகிற அன்றைக்கே வெட்டும் நாளைக் குறித்துவிட்ட மரத்திடம் மன்னிப்புக் கேட்பதற்கு முப்பது வருஷ அவகாசம் இருந்தும் நாம் கேட்கவில்லை. கேட்டபின் செய்யவேண்டியதையும் பழைய ஆசாரிமார் காட்டியிருக்கிறார்கள்: கரையும் மருந்தாதலால் அந்தப் பலகையின்மேல் மழை படாதபடி இறவாரத்தை இரண்டு சாண் கூடுதலாக இறக்கவேண்டும், தறையைக் கல்லால் உயர்த்தவேண்டும், விலை மலிந்த பலகைதானே என்று ஆணியை அறைந்துவிடாமல் காடி எடுத்துச் செருகவேண்டும்; அப்படிச் செய்த புரையைப் பேரன் பிரிக்க நேர்ந்தால், பிளவில்லாத பலகை முழுசாக அவன் கைக்கு வரும்.